புதுப் பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் "கடைய வித்துட்டியளா?" என்று கேட்கிறார்கள்

கேள்வி: அம்பை_கோடு

அம்பாசமுத்திரம் பக்கம் ஓர் அல்வாக் கடைக்குப் பெட்டி வடிவமைத்துக் கொடுத்தேன். கடைப் பெயர் வேண்டாம், முதலாளி இங்கே வந்து படிக்கிற ஆள். தாத்தா ஆரம்பித்த கடை, இப்போது பேரன் பார்க்கிறார்.

பழைய பெட்டி எப்படி இருக்கும் என்றால், மஞ்சளும் இல்லாத பழுப்பும் இல்லாத ஒரு மட்ட அட்டை. ஒரே சிவப்பு மை. நடுவில் கடைப் பெயர், மேலே சாய்வாக "நெல்லை புகழ்", அடியில் "எங்களுக்கு வேறு கிளைகள் இல்லை". மூலையில் ஒரு மலை. பொதிகை என்று நினைத்து வரைந்திருக்கிறார்கள், பார்த்தால் மூன்று இட்லியை அடுக்கி வைத்த மாதிரி இருக்கும். அச்சு ஓரிடத்தில் அழுந்தியும் ஓரிடத்தில் மங்கியும் கிடக்கும்.

நான் செய்தது: நெல்லையப்பர் கோயில் கோபுரம் கோட்டோவியமாக, அதன் கீழே தாமிரபரணி அலை, கரும்பச்சையும் பொன்னிறமும், மேட் லேமினேஷன், பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த எழுத்துரு. கிளைகள் இல்லை என்ற வரியை எடுத்துவிட்டேன். வாட்ஸப்பில் ஆர்டர் எடுத்து ஊர் ஊராக அனுப்புகிற கடைக்கு அது எதற்கு? முதலாளிக்கு ரொம்பப் பிடித்திருந்தது. தீபாவளிக்கு முன்னால் பெட்டி வந்து இறங்கியது.

அப்புறம்தான் ஆரம்பித்தது. வயதான ஓர் அம்மா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்னய்யா, கடைய வித்துட்டியளா?" என்று கேட்டார்களாம். இன்னொருவர் வீட்டுக்குப் போய்ப் போன் போட்டு, இது உங்கள் சரக்குதானா என்று விசாரித்திருக்கிறார். அதே அடுப்பு, அதே மாஸ்டர், அதே சம்பா கோதுமை. வியாபாரம் குறையவில்லை. முதலாளி முகம்தான் வாடிவிட்டது.

பழைய பெட்டியை அப்படியே திரும்பக் கொண்டுவா என்று சொல்லாதீர்கள், அதற்கு நான் எதற்கு? எனக்குத் தெரிய வேண்டியது வேறு. அந்தச் சுமாரான படத்திலும் சுமாரான எழுத்திலும் எது ஆட்களைப் பிடித்து வைத்திருந்தது? கோபுரத்தையும் ஆற்றையும் விட நம் ஊரை நினைவுபடுத்த வேறு என்ன வேண்டும்? இரண்டு பெட்டியின் படத்தையும் கடைப் பெயரை மறைத்து இணைத்திருக்கிறேன்.

பதில் 1: சுத்தமல்லி_விலக்கு

உள்ளூர்க்காரன் எவன் பெட்டியில் அல்வா தின்கிறான்? கடை வாசலில் நின்று இலைத்துண்டில் வாங்கி, சூடு ஆறும் முன்னே முடித்துவிட்டு, தித்திப்பு போக ஒரு பிடி மிக்சரை வாயில் போட்டுக்கொண்டு போய்க்கொண்டே இருப்பான். பெட்டி என்பது பஸ் ஏறுகிற அல்வாவுக்கு.

நாங்கள் அப்போது விருதுநகரில் இருந்தோம். அப்பா ஊருக்குப் போய்விட்டு ராத்திரி கடைசி பஸ்ஸில் வருவார். பையில் பெட்டி இருக்கும். அதைக் காலையில்தான் பிரிக்க வேண்டும் என்பது அம்மாவின் சட்டம். அதுவரை அட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நான் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் முழு வாக்கியம் "எங்களுக்கு வேறு கிளைகள் இல்லை". அதைப் போய் எடுத்துவிட்டீர்களே, நல்லா இருப்பீங்க.

பதில் 2: பேட்டை_தூரிகை

தம்பி, நான் பேட்டையில் போர்டு எழுதுகிறவன். பிளெக்ஸ் வந்த பிறகு வேலை குறைந்து, இப்போது லாரி, கோயில் சுவர், பள்ளிக்கூடக் கரும்பலகை என்று ஓடுகிறது. உங்கள் இரண்டு படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தேன். புதுப் பெட்டியில் குறை சொல்ல ஒன்றுமில்லை, கை சுத்தமாக இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பழைய பெட்டியில் "நெல்லை", "கிளைகள்", "இல்லை" மூன்றையும் பாருங்கள். ஐகாரக் கொம்பு தனியாக முன்னால் நிற்காது. எழுத்தோடு ஒட்டி, தலையில் தும்பிக்கையைச் சுருட்டிக்கொண்டு நிற்கும். 1978-ல் அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்தபோது ணா, றா, னா, அவற்றின் ஒகர ஓகார வரிசை, ணை, லை, ளை, னை என்று மொத்தம் 13 எழுத்துகளின் உருவம் மாறியது. பாடப்புத்தகம் மாறியது, பத்திரிகை மாறியது. கடைக்காரர் செய்து வைத்திருந்த ஜிங்க் பிளாக், அதாவது எழுத்தும் படமும் பொறித்த துத்தநாக அச்சுக்கட்டை, அது மட்டும் மாறவில்லை. பிளாக் ஒன்று செய்துவிட்டால் தேய்கிறவரை அதுதான். அச்சகத்தில் காகிதத்தில் சுற்றிப் போட்டு வைத்திருப்பார்கள், பெட்டி தீர்ந்தால் எடுத்து மறுபடி ஓட்டுவார்கள். புத்தகத்தில் செத்துப்போன எழுத்து அல்வாப் பெட்டியில் இத்தனை காலம் உயிரோடு இருந்தது இப்படித்தான்.

அந்த அம்மா சின்னப் பிள்ளையில் சிலேட்டில் எழுதிப் படித்தது அந்த லை. அவர்களைக் கேட்டால் எழுத்து மாறியிருக்கிறது என்று சொல்ல மாட்டார்கள், அது கண்ணுக்குத் தெரிந்து படுகிற விஷயம் இல்லை. என்னவோ மாறிவிட்டது என்று மட்டும் படும். கடை கைமாறிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள்.

அந்தச் சுழியை எழுதுவதும் லேசு இல்லை. பிரஷ்ஷில் எனாமலை அளவாக எடுத்து, மேலே தொட்டு, ஒரே இழுப்பில் வளைத்து இறக்க வேண்டும். இறக்கும்போதே பிரஷ் காம்பைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் நடுவே மெல்ல உருட்டவும் வேண்டும். உருட்டாவிட்டால் வளைவில் மயிர் பிரிந்து கோடு கோடாகத் தெரியும். யோசித்து நடுவில் நின்றால் பெயின்ட் கட்டி விழும். நான் வேலை பழகினபோது சீர்திருத்தம் வந்து பல வருஷம் ஆகியிருந்தது, ஆனாலும் குருநாதர் இதை விட்டு வேறு லை எழுத விடமாட்டார். கட்சிக்காரர்கள் வந்து சண்டை போட்டால், உனக்கு வேண்டுமானால் அடுத்த தெருவில் எழுதிக்கொள் என்பார்.

அடுத்தது அட்டை. நீங்கள் லேமினேஷன் போட்டுவிட்டீர்கள். மட்ட அட்டை நெய்யைக் குடிக்கும். பெட்டி பஸ்ஸில் போய்ச் சேருவதற்குள் அடியில் கருப்பாக ஒரு திட்டு படரும். சுத்தமல்லிக்காரர் காலைவரை எதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்று நினைக்கிறீர்கள்? எழுத்தை மட்டுமா? அந்தத் திட்டு பெரிதாவதையும்தான். மணமும் அது வழியாகத்தான் வெளியே வரும். லேமினேஷன் பெட்டியை மூக்கருகே வைத்தால் ரெக்ஸின் நாற்றம்தான் வரும்.

கோபுரத்துக்கு வருகிறேன். வாழ்நாளில் நான் வரைந்த நெல்லையப்பர் கோபுரத்துக்குக் கணக்கில்லை. பத்திரிகையில், கல்யாண மண்டபத்தில், மெடிக்கல் ஷாப்பில், ஒரு டயர் கடையில்கூட. அதன் முன்னால் ஒரு ஆள் ஒரு நிமிஷம் நின்று நான் பார்த்ததில்லை. கொக்கிரகுளம் போகிற சுலோசன முதலியார் பாலத்தையும் அப்படித்தான் எல்லாரும் வரையச் சொல்வார்கள், 1843-ல் கட்டினது, வளைவு வளைவாக அழகுதான். ஆனால் இதெல்லாம் வெளியூர்க்காரருக்கு ஊரைக் காட்டுகிற படம். உள்ளே இருக்கிறவன் கோபுரத்தைப் பார்த்தா ஊரை நினைக்கிறான்?

ஒரு டீக்கடைக் கதை சொல்கிறேன். தென்காசி ரோட்டில் பழைய கடை. போர்டு உரிந்துவிட்டது, திரும்ப எழுத வேண்டும் என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் "டீ ஸ்டால்" என்பதில் கடைசி எழுத்து மேலே ஏறி வளைந்து கிடக்கிறது. முன்னே எழுதினவர் அந்த இடத்தில் ஒரு விளக்குக் கம்பி இருந்ததால் அதைச் சுற்றி எழுதியிருக்கிறார். கம்பி போய் எத்தனையோ காலம் ஆகிறது. நான் நூல் அடித்து நேர்க்கோடு போட்டுவிட்டேன். கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்து வந்து சாக்பீஸ் கோட்டைக் கையாலேயே அழித்தார். "அண்ணாச்சி, அந்தக் கோணல வச்சுத்தான் ராத்திரி பஸ்ஸுல தூங்கிட்டு வாரவன் கடை வந்துட்டுன்னு முழிக்கான்." அப்படியே கோணலாக எழுதிக் கொடுத்தேன். கம்பி இருந்த இடத்தில் காலியாக ஒரு வட்டம் இப்போதும் இருக்கிறது.

உங்கள் இட்லி மலைக்கும் ஒரு பரம்பரை உண்டு தம்பி, சிரிக்காதீர்கள். கோவில்பட்டியில் கொண்டைய ராஜு (1898–1976) என்று ஒரு பெரிய ஓவியர் இருந்தார். நாடகக் கம்பெனிக்குத் திரை எழுதிக்கொண்டு வந்தவர் அங்கேயே தங்கிவிட்டார். அவரும் அவர் சீடர்களும் வரைந்த சாமிப் படங்கள் சிவகாசியில் காலண்டராக அச்சாகி வீட்டுக்கு வீடு போயின. அந்தப் படங்களில் சாமிக்குப் பின்னால் மலையும் குளமும் மாடமும் பார்த்தீர்களானால் நாடகத் திரை வாடை அடிக்கும். நம் பக்கத்தில் பிளாக்குக்குப் படம் போட்டவர்கள், போர்டு எழுதினவர்கள் எல்லாரும் அதைப் பார்த்துத்தான் மலை வரையக் கற்றார்கள். நானும்தான்.

எங்கள் வீட்டில் அப்படி ஒரு மீனாட்சி கல்யாணம் இருந்தது. வருஷம் முடிந்ததும் தேதித் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் படத்தை மட்டும் வெட்டிக் கண்ணாடி போட்டார்கள். அடியில் ஜவுளிக்கடைப் பெயர் பாதி வெட்டுப்பட்டுக் கிடக்கும். பரீட்சைக்குப் போகும்போது அதன் கீழேதான் திருநீறு பூசுவோம். தங்கச்சியைப் பெண் பார்க்க வந்தவர்கள் அதன் கீழேதான் உட்கார்ந்தார்கள். ஐயா இறந்தபோது உடம்பைக் கிடத்தினதும் அங்கேதான். இப்போது அதை எங்கே பார்த்தாலும் எனக்கு நெஞ்சு அடைக்கும். அதைவிட நன்றாக வரைந்த மீனாட்சி எத்தனையோ உண்டு, நானே வரைந்திருக்கிறேன். ஆனால் அவை கீழே ஒன்றும் நடக்காத படங்கள்.

பதில் 3: பாளை_தமிழ்ப்பாடம்

பேட்டை அண்ணாச்சி சொன்னதில் எழுத்து, அட்டை எல்லாம் ஒப்புக்கொள்கிறேன். கடைசியில் சொன்னதில்தான் எனக்குச் சண்டை. அப்படியென்றால் நான் வாழாத எதுவும் என்னைத் தொடக்கூடாதே?

தொல்காப்பியம் முதல், கரு, உரி என்று பிரிக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அங்கே இருக்கிற பூ, பறவை, பறை, யாழ், தொழில் எல்லாம் கருப்பொருள். கூடல், பிரிவு, காத்திருப்பு, இரங்கல், ஊடல் உரிப்பொருள். அகப்பாட்டில் தலைவி தவிக்கிறாள் என்று புலவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதே இல்லை. மழைக்கால மாலை, முல்லை மொட்டு விரிகிறது, மாடுகள் மணியோடு வீடு திரும்புகின்றன, இவ்வளவு போதும். நான் பிறந்தது பாளையங்கோட்டையில் ஒரு முட்டுச்சந்தில். மாடு மேய்த்ததில்லை, யாருக்கும் காத்திருந்ததும் இல்லை. இருந்தாலும் ஒவ்வொரு வருஷமும் அந்தப் பாடத்தை நடத்தும்போது தொண்டை கட்டுகிறது.

திருச்செந்தூர் சாலையில் கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயிலுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போவேன். ராஜகுமாரியைக் குறவன் தூக்கிக்கொண்டு போகிற தூண், நாகாஸ்திரத்தோடு கர்ணன், ரதி. நாயக்கர் காலத்து வேலை. வகுப்பில் பெஞ்சை உடைக்கிற பையன் ஒருவன், கல்லில் தெரிகிற நகத்தையும் நரம்பையும் பார்த்துவிட்டுச் சத்தமே இல்லாமல் நின்றான். அவன் நினைவில் எந்தக் குறவன் இருக்கிறான்?

ஆனால் கோபுரம் விஷயத்தில் நான் அண்ணாச்சி கட்சிதான். கோபுரம் ஊரின் பெயர்ப்பலகை. நெய்த்திட்டு கருப்பொருள்.

பதில் 4: களக்காட்டான்

நடுவில் ஒன்று சொல்லிக்கொள்கிறேன், பெட்டிக்குச் சம்பந்தம் உண்டா தெரியாது.

எங்கள் ஊர்ச் சுடலைமாடன் கோயில் கொடை விழாவில் கணியான் கூத்து உண்டு. அதற்கு அடிக்கிற தோல் பறைக்கு மகுடம் என்று பெயர். மகுடம் இரண்டு, ஒன்று உச்சம், ஒன்று மந்தம். சாமத்தில் பனி விழுந்து தோல் தளர்ந்துவிடும். அப்போது ஓரமாக ஓலையைக் கொளுத்தி மகுடத்தைத் தீயில் காட்டுவார்கள். காட்டிக் காட்டி விரலால் தட்டிப் பார்ப்பார்கள், மொத்து மொத்தென்று இருந்த சத்தம் மெல்ல மெல்ல ஏறி 'ணங்' என்று வரும். பாதித் தூக்கத்தில் கிடக்கிற பிள்ளைகள் அதைக் கேட்டுத்தான் எழுந்திருப்போம்.

இப்போது சென்னையில் இருக்கிறேன். லீவு கிடைக்காத வருஷம் சித்தப்பா மகன் கூத்தைப் பதிவு செய்து அனுப்பினான். நல்ல பதிவு. ஹெட்போன் மாட்டி முழுதும் கேட்டேன், ஒன்றும் ஆகவில்லை. அதே வருஷம் போகி அன்று விடிகாலையில் பக்கத்துத் தெருவில் யாரோ ஓலைத்தட்டி எரித்த புகை ஜன்னல் வழியாக வந்தது. காதுக்குள் மகுடம் கேட்டுவிட்டது. பாட்டு இல்லை, ஆட்டம் இல்லை, அந்த விரல் தட்டுகிற சத்தம் மட்டும். ஆபீஸுக்குப் போக மனம் வரவில்லை.

பதில் 5: மேலப்பாளையம்_மாடி

களக்காட்டாருக்கு நடந்தது ஊரறிந்த விஷயம்தான் (உளவியல் நடத்துகிறேன், அந்த உரிமையில் சொல்கிறேன்). பார்ப்பதும் கேட்பதும் மூளையில் தலாமஸ் என்ற பகுதியைத் தாண்டித்தான் மேலே போகும். மணத்துக்கு அந்தச் செக்போஸ்ட் கிடையாது, உணர்ச்சியையும் நினைவையும் கவனிக்கிற அமிக்டலா, ஹிப்போகாம்பஸ் பக்கம் நேராகப் போய் நிற்கும். இடமும் முக்கியம். 1975-ல் காடன், பேடலி என்ற இருவர் முக்குளிப்பவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். தண்ணீருக்கடியில் கேட்ட சொற்கள் தண்ணீருக்கடியிலேயே அதிகம் நினைவுக்கு வந்தன, கரையில் கேட்டவை கரையில்.

அம்பைத் தம்பிக்கு ஒரு கேள்வி. வயதானவர்களைப் பழைய கதை சொல்லச் சொன்னால் சுமார் 10 முதல் 30 வயது வரை நடந்ததைத்தான் அதிகம் சொல்வார்கள். உங்கள் கடையில் வாங்குகிறவர்கள் எந்த வயது? புலம்பினது எந்த வயது? இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள் யாராவது புதுப் பெட்டியைப் பார்த்து ஏதாவது சொன்னார்களா?

அம்பை_கோடு

மேலப்பாளையம் அக்கா, முதலாளியிடம் கேட்டேன். புலம்பினது எல்லாம் ஐம்பதுக்கு மேல். சின்னப் பிள்ளைகள் பெட்டியைப் படம் எடுத்துப் போடுகிறார்கள், அவ்வளவுதான். ஆனால் மாதா மாதம் கிலோக் கணக்கில் வாங்குவது ஐம்பதுக்கு மேல் உள்ளவர்கள்தான்.

கிளைகள் இல்லை என்ற வரியைத் திரும்பப் போட்டுவிடுகிறேன், தோற்றேன் என்று வைத்துக்கொள்ள வேண்டாம், அந்தப் பழைய லையை எனக்கு வரையப் பிடித்திருக்கிறது. சிக்கல் என்னவென்றால் என்னிடம் உள்ள எந்த எழுத்துருவிலும் அது இல்லை. யூனிகோடில் அதற்குத் தனி இடமும் கிடையாது, எழுத்துரு செய்கிறவர் அந்த உருவத்தை வரைந்து உள்ளே வைத்தால்தான் உண்டு. கோபுரத்தை எடுக்க முதலாளி சம்மதிக்கவில்லை, அதைப் பெட்டியின் அடிப்பக்கத்துக்கு அனுப்பலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறேன்.

அட்டை விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது அண்ணாச்சி. நெய் கசிந்த பெட்டியைப் பார்சல்காரர்கள் எடுப்பதில்லை.

பேட்டை_தூரிகை

பார்சலுக்கு லேமினேஷன் பெட்டி வைத்துக்கொள்ளுங்கள். கடையில் நேரில் வாங்குகிறவர்களுக்கு மட்ட அட்டையில் கொஞ்சம் அடியுங்கள். இரண்டு பெட்டி வைத்தால் குடி முழுகாது.

வாத்தியாரய்யா, உங்கள் குறவனுக்கு நான் எதிரி இல்லை. அந்தத் தூணைச் செய்தவன் கை எனக்கு இருந்தால் நான் ஏன் டயர் கடைக்குக் கோபுரம் வரைகிறேன்?

தம்பி, அந்த வரியைப் பெரிய சார்ட்டில் நானே எழுதித் தருகிறேன், நீங்கள் ஸ்கேன் செய்து சின்னதாக்கிக்கொள்ளுங்கள். திங்கள்கிழமை வாருங்கள், ஞாயிறு ஒரு லாரி நிற்கிறது. பழைய பெட்டி ஒன்று கையோடு வேண்டும், போனில் எடுத்த படத்தில் சிவப்பு சரியாகத் தெரியவில்லை. அது வெறும் சிவப்பு இல்லை, கொஞ்சம் காவி கலந்திருக்கிறது என்று நினைக்கிறேன். கூலிக்குப் பதிலாக அல்வா தருகிறேன் என்று முதலாளி சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், எனக்குச் சுகர் இருக்கிறது. காசாகவே வாங்கி வாருங்கள்.